மில்வாக்கியில் ஒரு வெள்ளிக்கிழமை: முதல்முறை ஃபிஷ் ஃப்ரைக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் வேலை கிடைத்து வந்து இறங்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு 90 மைல் தெற்கே சிகாகோவுக்கு ஓடிவிடுகிறோம். நானும் முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் இருந்தேன். இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொள்வேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மடிக்கணினியை மூடிக்கொண்டே, "இன்றைக்கு மீனுக்கு எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். போவீர்களா மாட்டீர்களா என்ற கேள்வியே அவருக்கு இல்லை. நான் திருதிருவென்று விழித்தேன்.

இந்த ஊருக்கு வாரக்கடைசி தொடங்குவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், பொரித்த மீன் தட்டோடு. ஃபிஷ் ஃப்ரை என்பது அதுதான். அதை முதல்முறை எப்படிச் செய்வது என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன். சிகாகோவிலிருந்து வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஹையவாத்தா ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான்.

கிளம்புவதற்கு முன்

மூன்று விஷயம். ஒன்று, மதியம் அரை வயிறுதான் சாப்பிட வேண்டும். ஆனால் பட்டினியும் கிடக்கக் கூடாது, காரணம் பின்னால் வருகிறது. இரண்டு, அசல் அடையாள அட்டை. தலை நரைத்திருந்தாலும் பாரில் கேட்பார்கள், ஃபோனில் எடுத்த படம் செல்லாது. மூன்று, ஒரு ஜாக்கெட். ஜூன் மாதமாக இருந்தாலும் சரி. ஊருக்குள் வியர்க்கும்போது மிச்சிகன் ஏரிக்கரையில் பத்து டிகிரி குறைவாக இருக்கும். இங்கே வானிலை அறிக்கையில் "ஏரிப்பக்கம் குளிர்ச்சி" என்பது தினமும் காதில் விழும் வாசகம்.

படி 1: கீச்சிடும் சீஸோடு ஆரம்பியுங்கள்

நேராக மில்வாக்கி பப்ளிக் மார்க்கெட்டுக்குப் போங்கள். பழைய கிடங்குகள் நிறைந்த தேர்டு வார்டு பகுதியில் 2005-ல் திறந்த சந்தை இது. ரயிலில் வருகிறவர்கள் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். நடக்கச் சோம்பலாக இருந்தால் 2018-லிருந்து ஓடும் 'ஹாப்' டிராம் வண்டி இருக்கிறது, அதற்குக் காசு வாங்குவதில்லை.

உள்ளே சீஸ் கடையில் 'சீஸ் கர்ட்' கேளுங்கள். கர்ட் என்றதும் நம் நாக்கு தயிருக்குப் போய்விடும். இது அது இல்லை. செடார் சீஸ் செய்யும்போது பால் திரைந்து கட்டியானதை வெட்டி, அச்சில் அழுத்துவதற்கு முன் அப்படியே எடுத்த துண்டுகள்தான் கர்ட். விரல் நுனி அளவில், ஒழுங்கில்லாத வடிவத்தில் இருக்கும். வெள்ளை, ஆரஞ்சு என்று இரண்டு நிறம். ஆரஞ்சு என்பது அன்னாட்டோ விதையின் சாயம்தான், ருசியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஒரு துண்டை வாயில் போட்டுக் கடைவாய்ப் பல்லால் மெதுவாகக் கடியுங்கள். கீச் என்று சத்தம் வரும். ஈரமான பலூனை விரலால் தேய்த்தால் வருமே, அந்தச் சத்தம். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது, உங்கள் மண்டைக்குள் மட்டும் கேட்கும். சீஸின் புரத வலை இறுக்கமாக இருக்கும்வரை அது பல்லில் உரசிக் கீச்சிடுகிறது. ஓரிரண்டு நாளில் அந்த வலை தளர்ந்து சத்தம் நின்றுவிடும். அதனால் "இன்றைக்கு வந்ததா?" என்று கேட்டு வாங்குவதில் வெட்கமே வேண்டாம், இங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் சத்தம் போய்விட்டால் மைக்ரோவேவில் சில நொடிகள் வையுங்கள், பாதி உயிராவது திரும்பி வரும்.

சைவர்கள் கவனிக்க: பாலைத் திரிக்கும் ரென்னட் சிலவற்றில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது, பலவற்றில் நுண்ணுயிர்வழி செய்தது. பொட்டலத்தில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கால் பவுண்டுக்கு மேல் வாங்காதீர்கள். தின்ன ஆரம்பித்தால் கை நிற்காது, அப்புறம் மீனுக்கு இடம் இருக்காது.

படி 2: ஒரு நடை

இதற்கு ரொம்ப விளக்கம் தேவையில்லை. ஆற்றோர நடைபாதையில் வடக்கே நடந்தால் வெல்ஸ் தெரு பாலத்தருகே கட்டைவிரலை உயர்த்தி நிற்கும் வெண்கல 'ஃபான்ஸ்' சிலை வரும். மில்வாக்கியில் நடப்பதாக வந்த பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரம் அவர். சிலை ரொம்பச் சுமார் என்பது என் கருத்து. ஆனாலும் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு விடுமுறை என்றால் ஏரிக்கரைக் கலை அருங்காட்சியகத்துக்கு நண்பகல் 12 மணிக்குள் போய்ச் சேருங்கள். சாண்டியாகோ கலட்ராவா வடிவமைத்து 2001-ல் திறந்த கட்டடம். அதன் உச்சியில் 217 அடி அகலத்துக்கு விரியும் இரண்டு வெள்ளைச் சிறகுகள், நண்பகலில் ஒருமுறை மடங்கி மறுபடி விரியும். வெளியே நின்று பார்க்கச் செலவு ஒன்றுமில்லை. காற்று பலமாக இருந்தால் சிறகை மூடியே வைத்துவிடுவார்கள்.

வழியில் தாகமெடுத்தால் "பப்ளர் எங்கே?" என்று கேளுங்கள். குடிநீர்க் குழாய்க்கு இந்த ஊர்ப்பெயர் அது. அந்த ஒரு சொல்லுக்கே உங்களை ஊர்க்காரர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

படி 3: எங்கே சாப்பிடுவது

ஜெர்மானியர்களும் போலந்துக்காரர்களுமாகக் கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, பக்கத்திலேயே ஏரி நிறைய மீன். 1920-லிருந்து 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது பீர் விற்க முடியாத டேவர்ன்காரர்கள், அதாவது உள்ளூர் மதுக்கடைக்காரர்கள், மீனைப் பொரித்து மலிவாகக் கொடுத்து ஆட்களை வரவழைத்தார்கள். மதுவிலக்கு போய்விட்டது, மீன் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது எந்த மதத்துக்காரராக இருந்தாலும் வெள்ளியன்று மீன்தான்.

முதல்முறைக்கு மூன்று வகை இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கும்பலும் கூத்தும் வேண்டுமென்றால் காமர்ஸ் தெருவில் ஆற்றங்கரையில் இருக்கும் லேக்ஃபிரண்ட் ப்ரூவரி. 1987-ல் தொடங்கிய பீர் ஆலை, இப்போது இருப்பது பழைய மின்நிலையக் கட்டடத்தில். நீள மேசைகள், அக்கார்டியனோடு போல்கா நடன இசை, முன்பின் தெரியாதவரோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பாடு. பழமை பிடிக்குமென்றால் பக்கத்து ஊரான வெஸ்ட் ஆலிஸில் 1924-லிருந்து இருக்கும் கெகல்ஸ் இன். கருத்த மரப்பலகையும் சுவரோவியமுமாக ஜெர்மானிய வீட்டுக்குள் நுழைந்தது போலிருக்கும்.

மூன்றாவது வகை தவக்காலத்தில் மட்டும், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில். மாதா கோவில் கூடங்களிலேயே மீன் பொரிப்பார்கள். வாசலில் பணம் கட்டி, தட்டை ஏந்தி வரிசையில் நின்றால் சபைப் பெண்மணிகள் பரிமாறுவார்கள். கடைசியில் யார் யாரோ வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்த கேக் துண்டுகள் ஒரு மேசை நிறைய இருக்கும். என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் உசத்தி. நம் ஊர் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்த ஆறுதல் இருக்கும், காசு மட்டும் கொடுக்க வேண்டும்.

படி 4: காத்திருங்கள்

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். நல்ல டேவர்ன்களில் வெள்ளிக்கிழமை முன்பதிவு எடுப்பது அபூர்வம். ஆறு மணிக்குப் போனால் ஒரு மணி நேரம், சில சமயம் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதல்முறை நான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் போய், வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி சுவரோரமாக நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி ஒருவர் முகத்திலும் அவசரமே இல்லை. ஏனென்றால் அவர்களுக்குச் சாயங்காலம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

எனவே பெயரைக் கொடுத்த கையோடு பாருக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டியது 'பிராந்தி ஓல்ட் ஃபேஷன்டு' என்ற காக்டெய்ல். அமெரிக்காவின் மற்ற இடங்களில் இதை விஸ்கியில் செய்வார்கள், விஸ்கான்சினில் பிராந்திதான். கலிபோர்னியாவின் கார்பெல் பிராந்தியில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாநிலத்திலேயே தீர்கிறது என்பார்கள்.

கேட்டதும் பரிமாறுபவர் "ஸ்வீட், சவர், பிரெஸ்?" என்று ஒரே மூச்சில் கேட்பார். நான் அன்றைக்கு "யெஸ்" என்று சொல்லி வைத்தேன். அவர் இன்னும் அதை மறக்கவில்லை. ஸ்வீட் என்றால் மேலே செவன் அப் மாதிரி இனிப்புச் சோடா. சவர் என்றால் புளிப்புச் சோடா. பிரெஸ் என்றால் இனிப்புச் சோடா பாதி, வெறும் சோடா பாதி. புதியவர்களுக்கு பிரெஸ் நல்லது, திகட்டாது.

செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கனத்த கண்ணாடி டம்ளரில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு சில சொட்டு. கட்டி பழுப்பாகி நனைந்ததும் ஓர் ஆரஞ்சு வில்லை, ஒரு சிவப்புச் செர்ரி. குட்டி மர மத்தால் நசுக்கும்போது ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் வாசனை உங்கள் மூக்குவரை வரும். அப்புறம் ஐஸ், பிராந்தி, சோடா. சவர் கேட்டால் செர்ரிக்குப் பதில் ஆலிவோ ஊறுகாய் போட்ட காளானோ செருகிக் கொடுப்பதும் உண்டு, பயந்துவிடாதீர்கள்.

குடிக்காதவர்களுக்கு, 1985-ல் இந்த ஊரில் தொடங்கி இப்போது பக்கத்து ஊரான கிளெண்டேலில் இருக்கும் ஸ்ப்ரெக்கர் ஆலையின் ரூட் பீர். தேன் சேர்த்த சோடா அது, பெயரில்தான் பீர். பெற்றோருடன் குழந்தைகள் பாருக்குள் இருக்க இங்கே சட்டத்தில் தடை இல்லை. அவர்களுக்கென்றே சிவப்பு சிரப்பும் செர்ரியும் போட்ட 'கிட்டி காக்டெய்ல்' இருக்கிறது. பிராந்தி குடித்தவர் மட்டும் அன்றைக்குக் கார் சாவியைத் தொடக் கூடாது.

படி 5: தட்டு

மெனு அட்டையில் பெர்ச், காட், வால்-ஐ என்று மீன் பெயர்கள் இருக்கும். காட் கடல் மீன், பெரிய துண்டு, முள் இருக்காது, விலை குறைவு, சில இடங்களில் போதும் போதும் என்கிற வரை போடுவார்கள். பெர்ச் ஏரி மீன். உள்ளங்கை நீளத் துண்டு, மெல்லிசு, லேசான இனிப்பு. ஊர்க்காரர்களின் உயிர் பெர்ச்சில்தான். ஆனால் மிச்சிகன் ஏரியில் பெர்ச் மிகவும் குறைந்துபோய், 1996-லேயே விஸ்கான்சின், கிரீன் பே வளைகுடா நீங்கலாக, அதை வணிகத்துக்குப் பிடிப்பதை நிறுத்திவிட்டது. எனவே தட்டில் வருவது பெரும்பாலும் வேறு நீர்நிலைகளிலிருந்து வந்தது, விலையும் அதிகம். முதல்முறை என்றால் பெர்ச்சே வாங்குங்கள், காட் எங்கும் கிடைக்கும்.

உருளைக்கிழங்கு எப்படி வேண்டும் என்று கேட்பார்கள். பிரெஞ்சு ஃப்ரைஸ் என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். 'பொட்டேட்டோ பான்கேக்' கேளுங்கள். துருவிய கிழங்கில் தட்டிய அடை போல ஓரம் முறுகலாக வரும், கூடவே ஆப்பிள் மசியல். அடைக்கு வெல்லம் தொட்டுச் சாப்பிட்டவர்களுக்கு அது வினோதமாகவே தோன்றாது. பக்கத்தில் கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட், வெண்ணெயோடு ஒரு துண்டு ரை ரொட்டி, டார்டர் சாஸ், எலுமிச்சை.

மசாலா எதிர்பார்க்காதீர்கள். உப்பும் பீர் கரைத்த மாவும்தான். நம் மீன் வறுவலோடு ஒப்பிட்டுக்கொண்டே சாப்பிட்டால் இரண்டும் கெட்டுவிடும். பையில் மிளகாய்ப்பொடி எடுத்துப்போன நண்பர் ஒருவர் உண்டு. இரண்டாவது முறை அவரே எடுத்து வரவில்லை.

சைவர்களுக்கு இந்தப் படி கொஞ்சம் கஷ்டம்தான். பான்கேக்கில் முட்டை இருக்கலாம், பொரித்த சீஸ் கர்ட் மீன் பொரித்த எண்ணெயிலேயே வரலாம். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

தட்டு ஒன்றுக்குப் பெரும்பாலும் 15-லிருந்து 25 டாலர் ஆகும். நகர எல்லைக்குள் 2024-லிருந்து விற்பனை வரி 7.9 சதவீதம், டிப்ஸ் 20 சதவீதம் வையுங்கள்.

படி 6: கஸ்டர்டுக்கு ஓடுங்கள்

வயிறு நிறைந்தாலும் இதை விடாதீர்கள். கஸ்டர்ட் என்றால் மஞ்சள் பொடி கரைத்துப் பழம் போட்டது என்ற நினைப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். ஃப்ரோஸன் கஸ்டர்ட் என்பது முட்டை மஞ்சள் கரு சேர்த்த ஐஸ்கிரீம். அமெரிக்க அரசு விதிப்படி குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பும் 1.4 சதவீதம் மஞ்சள் கருத் திடப்பொருளும் இருந்தால்தான் அந்தப் பெயரை வைக்க முடியும். காற்று குறைவாக ஏற்றுவதால் கனமாக, வழுவழுப்பாக இருக்கும்.

இந்த ஊரில் இதற்குக் கட்சிகள் உண்டு. 1938-லிருந்து கில்லஸ், 1942-லிருந்து லியான்ஸ், 1950-லிருந்து காப்ஸ். காப்ஸில் தினம் புதுச் சுவைகள் வரும், மாத அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டி வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நான் லியான்ஸ் கட்சி. இருபத்தேழாவது தெருவில் நியான் விளக்கு பளீரென்று எரியும் பழைய டிரைவ்-இன், சுவைகள் நாலைந்துதான். பட்டர் பெக்கான் கேளுங்கள், உப்புப் போட்டு வறுத்த பெக்கான் கொட்டை அந்த இனிப்புக்கு நடுவே கடிபடும்.

உள்ளே உட்கார இடம் கிடையாது, காரில்தான் சாப்பிட வேண்டும். ஜனவரியில் போனால் எஞ்சினை அணைக்காமல் ஹீட்டரைப் போட்டுக்கொள்வீர்கள். காற்று வரும் துவாரத்தை மட்டும் கையிலிருக்கும் கோனை விட்டுத் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் மடியெல்லாம் கஸ்டர்ட்.