மெயின்ஃப்ரேம் மென்பொருள் பில்லை முடிவு செய்யும் அந்த நான்கு மணி நேரம்: கண்டுபிடிப்பது எப்படி?

மெயின்ஃப்ரேம் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இந்தக் கணக்கைத்தான். வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் வேலையைத் தாங்கும் ஐபிஎம்மின் பெரிய கணினியை, அதாவது பெட்டியை, ஒரு முறை வாங்குகிறோம். ஆனால் அதில் ஓடும் இசட்/ஓஎஸ் (இயங்குதளம்), சிஐசிஎஸ் (பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்), டிபி2 (தரவுத்தளம்) போன்றவற்றுக்கு மாதா மாதம் உரிமக் கட்டணம் கட்டுகிறோம். அந்தக் கட்டணத்தைப் பெரும்பாலும் மாதத்தில் பயன்பாடு உச்சத்தில் இருந்த ஒரே ஒரு நான்கு மணி நேரம் முடிவு செய்கிறது. அது எது என்று தெரியாமல் செலவைக் குறைக்க இறங்கினால் உழைப்பு வீண்.

படி 1: ஒப்பந்தத்தைப் பாருங்கள்

2019-ல் வந்த ஐபிஎம்மின் டெய்லர்டு ஃபிட் பிரைசிங் கட்டணத் திட்டத்தில் இருந்தால், மொத்தப் பயன்பாடுதான் கணக்கு; உச்சத்தைத் தேடுவதில் பலன் இல்லை. நான்கு மணி நேர நகரும் சராசரியில் (எந்த நேரத்திலும் அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தின் சராசரிப் பயன்பாடு) கட்டுகிறவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: பெட்டியின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

இசட்15 என்ற மெயின்ஃப்ரேமில் 705 என்று மாடல் எண் இருந்தால், 7 என்பது முழு வேகம், 05 என்பது ஐந்து பொதுப் பிராசஸர்கள். 4, 5, 6-ல் தொடங்கினால் வேகம் குறைக்கப்பட்டவை. பெட்டியின் திறனைப் பேச்சில் எல்லாரும் மிப்ஸ் (நொடிக்கு எத்தனை மில்லியன் கட்டளைகள்) என்பார்கள், உரிமக் கணக்கு எம்எஸ்யூ என்ற ஐபிஎம் அலகில் நடக்கும். இரண்டுக்கும் நிலையான விகிதம் கிடையாது. உங்கள் மாடலுக்கு ஐபிஎம் வெளியிட்ட எம்எஸ்யூ எண்ணையே எடுங்கள்.

பெரிய பெட்டி வாங்கினால் பில் தானாக ஏறிவிடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். ஏறாது, பயன்பாட்டுக்குத்தான் கட்டணம். ஆனால் பழைய பெட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தால், வரிசையில் காத்திருந்த வேலை எல்லாம் புதிய பெட்டியில் ஒரே நேரத்தில் ஓடும். உச்சம் எகிறும். இதை வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

படி 3: தரவைச் சேருங்கள்

இசட்/ஓஎஸ் எழுதிவைக்கும் எஸ்எம்எஃப் பதிவுகளில் 70, 89 வகைகள் இரண்டும் வேண்டும். முதலாவது எல்பார்கள் (ஒரே பெட்டியைப் பிரித்து, தனித்தனிக் கணினிபோல் இயக்கும் பகுதிகள்) எவ்வளவு சிபியு எடுத்தன என்று சொல்லும், இரண்டாவது எந்த மென்பொருள் எங்கே ஓடியது என்று சொல்லும். ஐபிஎம்மின் எஸ்சிஆர்டி கருவி இவற்றைப் படித்து மாத அறிக்கை தரும். அதன் மாதம் 2-ம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 1-ம் தேதி முடியும்.

படி 4: சராசரியைக் கையால் போட்டுப் பாருங்கள்

ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு, நான்கு மணி நேரத்துக்கு 48 அளவுகள், அவற்றின் சராசரி. ஒரு மணி நேரம் 400, மீதி மூன்று மணி நேரம் 200 என்றால் சராசரி 250 எம்எஸ்யூ. அதாவது குட்டிப் பாய்ச்சல் பெரிதாக உறுத்தாது, நீண்டு நிற்கும் சுமைதான் பில்லை ஏற்றுகிறது.

படி 5: ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி உச்சம்

எல்லாரும் தடுமாறுகிற இடம் இது, நிதானமாகப் பாருங்கள். இரண்டு எல்பார்கள். முதலாவதில் சிஐசிஎஸ், டிபி2; இரண்டாவதில் டிபி2 மட்டும். பகல் 10 முதல் 2 வரை முதலாவது 200 எம்எஸ்யூ, இரண்டாவது 80. இரவு 1 முதல் 5 வரை 90, 210.

டிபி2-வும் இசட்/ஓஎஸ்-உம் இரண்டிலும் இருப்பதால், ஒரே நேரத்துக் கூட்டுத்தொகையின் உச்சத்தைப் பார்க்கிறோம்: பகல் 280, இரவு 300. எனவே 300. சிஐசிஎஸ் முதலாவதில் மட்டும் இருப்பதால் அதற்கு 200. சிஐசிஎஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டது ஐம்பதாகவே இருந்தாலும், பொதுவாக அது ஓடும் எல்பாரின் முழுப் பயன்பாடும் கணக்கில் வரும்.

சரி, இரவில் மொத்தமாக ஓட்டும் பேட்ச் வேலையில் சராசரி 40 எம்எஸ்யூவைக் காலை 5 மணிக்கு மேல் தள்ளினால்? இரவு 260 ஆகும். ஆனால் பில் 260-க்கு வராது. பகலின் 280 இப்போது உச்சமாகிவிட்டது. 40 நகர்த்தி 20 லாபம். சிஐசிஎஸ் கட்டணமோ அசையவே இல்லை. இடைப்பட்ட நான்கு மணி நேரச் சாளரங்களையும், உதாரணமாக 3 முதல் 7 வரை, மறுபடி போட்டுப் பார்த்த பிறகே வேலையை நகர்த்துங்கள்.

அந்த 20-க்கு என்ன மிச்சம் என்பதிலும் கவனம் வேண்டும். ஏடபிள்யூஎல்சி என்ற ஐபிஎம் மாதக் கட்டண முறையில் முதல் 3 எம்எஸ்யூ, அப்புறம் 4–45, 46–175, 176–315 என்று படிகள் உண்டு. மேலே போகப் போக ஒரு எம்எஸ்யூவின் விலை குறையும். நீங்கள் குறைப்பது மேல்படியிலிருந்து. மொத்த பில்லை 300-ஆல் வகுத்து மிச்சத்தைக் கணக்கிட்டால் அதிகமாகக் காட்டும். மேலாளரிடம் அந்த எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 6: ஜிப், வரம்பு

சில வகை வேலைகளுக்கென்றே உள்ள ஜிப் என்ற தனிப் பிராசஸரில் ஓடும் ஜாவா, வலைவழி வரும் டிபி2 கோரிக்கைகள் இந்த எம்எஸ்யூவில் சேராது. ஆனால் ஜிப் நிரம்பினால் அந்த வேலை பொதுப் பிராசஸருக்கு வழிந்து வரும். ஆர்எம்எஃப் என்ற அளவீட்டுக் கருவியின் அறிக்கையில், இப்படி வழிந்த அளவைக் காட்டும் ஐஐபிசிபி என்ற எண்ணைப் பாருங்கள். உச்ச நேரத்தில் அது கணிசமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எல்பாருக்கு டிஃபைன்டு கெபாசிட்டி வரம்பும் வைக்கலாம். சராசரி அதைத் தாண்டினால் இயங்குதளம் கடிவாளம் போடும், பில்லும் வரம்போடு நிற்கும். ஆனால் கடிவாளம் விழும்போது முக்கியத்துவம் குறைந்த வேலை முதலில் தவிக்கும். எந்த வேலைக்கு முதலிடம் என்று தீர்மானிக்கும் டபிள்யூஎல்எம்மில் முன்னுரிமைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் வரம்பு வைக்க வேண்டாம். நான் ஒரு முறை அப்படி வைத்து, பகல் 11 மணிக்குத் திரைகள் எல்லாம் இழுத்தன. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓர் அறிக்கை வேலை மாலைவரை யாருக்கும் தேவைப்படாதது. அதைத் தள்ளி வைத்ததுமே வரம்புக்கே அவசியம் இல்லாமல் போனது.

மாற்றம் செய்த பிறகு அடுத்த எஸ்சிஆர்டி அறிக்கையைத் திறந்து, ஒவ்வொரு மென்பொருளுக்கும் உச்சம் எந்தத் தேதி, எந்த மணியில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அது இடம் மாறியிருந்தால், படி 5-ஐ அந்த நேரத்துக்கு மறுபடி போடுங்கள்.