வாழை இலைப் பொட்டலத்தில் போயோ பிபில்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

மெக்சிகோவின் தென்கிழக்கு ஓரத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது யுகாத்தான் தீபகற்பம். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கொச்சினீத்தா பிபில்தான்: அச்சியோத்தே என்ற சிவப்பு விதையின் விழுதில் ஊறி, வாழை இலைக்குள் வெந்து, தொட்டால் நார் நாராகப் பிரியும் பன்றி இறைச்சி. என் கணவரின் வேலைக்காக அந்தப் பக்கத்து மெரிதா நகரத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்தோம். அவர் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டார். அதனால் பக்கத்து வீட்டு அம்மா எங்களுக்காக அதையே கோழியில் செய்து கொடுப்பார். அதன் பெயர் போயோ பிபில். ஊர் திரும்பியபின் வந்த முதல் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் இதைத்தான் சொன்னார்.

நீங்களும் உங்களுக்குப் பிடித்த ஒருவருக்காக இதைச் செய்யலாம். கைப்பக்குவம் பெரிதாகத் தேவையில்லை, ஆனால் முந்தின நாளே தொடங்கிவிட வேண்டும்.

பீப் என்றால் மாயா மொழியில் மண்ணுக்குள் தோண்டிய அடுப்பு. குழியில் விறகு எரித்துக் கற்களைக் காயவைத்து, அதன்மேல் உணவை இறக்கி, இலைதழை போட்டு மண்ணால் மூடிவிடுவார்கள். அந்த பீப் அடுப்பில் வெந்ததுதான் பிபில். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பு அதில் மானும் வான்கோழியும் வெந்தன. பன்றி, புளிப்பு ஆரஞ்சு, வாழை மூன்றும் அவர்களோடு வந்தவை. குழியும் அச்சியோத்தேயும் மாயா மக்களுடையவை. இன்றைக்கு அங்கேயும் அன்றாடச் சமையலுக்குப் பெரும்பாலும் யாரும் குழி தோண்டுவதில்லை. ஓவனிலோ மூடிய பாத்திரத்திலோதான் செய்கிறார்கள். அதனால் நாம் இட்லிப் பானையில் செய்வதில் குறை ஒன்றும் இல்லை.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். விழுதின் சிவப்பைப் பார்த்ததும் மிளகாய்த்தூள் போடத் தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். இந்தச் சிவப்பு அச்சியோத்தே விதையின் நிறம், அதில் காரமே கிடையாது. யுகாத்தான் சமையலில் காரம் பெரும்பாலும் இறைச்சிக்குள் போகாது, தனியாகப் பக்கத்தில் வந்து உட்காரும். இஞ்சியும் தாளிப்பும் இதற்கு வேண்டாம்.

தேவையானவை (இருவருக்கு, மறுநாளைக்கும் கொஞ்சம் மிஞ்சும்)

எலும்போடு கோழித் தொடையும் காலும் 1 கிலோ. நெஞ்சுக்கறி வேண்டாம், வறண்டுவிடும்.
அச்சியோத்தே விதை 2 மேசைக்கரண்டி. அன்னாட்டோ என்ற பெயரிலும் இணையத்தில் கிடைக்கும்.
பூண்டு 6 பல், மிளகு அரை தேக்கரண்டி, சீரகம் அரை தேக்கரண்டி, மிளகு மாதிரி இருக்கும் ஆல்ஸ்பைஸ் மணி 4, கிராம்பு 2, சிறு துண்டு பட்டை, காய்ந்த ஓரிகானோ 1 தேக்கரண்டி, உப்பு ஒன்றரை தேக்கரண்டி.
ஆரஞ்சுச் சாறு அரை கப், எலுமிச்சைச் சாறு கால் கப்.
தக்காளி 2, வெங்காயம் 1, வெண்ணெய் அல்லது எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பெரிய வாழை இலை 3.

அங்கே பயன்படுத்துவது நாரான்ஹா ஆக்ரியா என்ற புளிப்பு ஆரஞ்சு. அது இல்லாத இடத்தில் ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்தால் கிட்டத்தட்ட அதே புளிப்பு வரும். சாத்துக்குடி ஒத்துவராது. அதில் இனிப்புதான் முன்னால் நிற்கிறது.

முந்தின நாள்: விழுது

அச்சியோத்தே விதை கல் மாதிரி இருக்கும். காலையிலேயே அரை கப் கொதிநீரில் போட்டு மூடி, மாலை வரை ஊறவிடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

மாலையில் பூண்டைத் தோலோடு தோசைக்கல்லில் போட்டு, வெளியே கறுத்து உள்ளே மெத்தென்று ஆகும்வரை சுட்டு உரித்துக்கொள்ளுங்கள். பச்சைப் பூண்டு அரைத்தால் அந்த நெடி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மிளகு, சீரகம், ஆல்ஸ்பைஸ், கிராம்பு, பட்டை ஆகியவற்றை லேசாகச் சூடு செய்து ஓரிகானோவோடு பொடியுங்கள். அப்புறம் விதை, ஊறிய தண்ணீர், பூண்டு, உப்பு, இரண்டு சாறுகளும் சேர்த்து நன்றாக அரையுங்கள். விதை எவ்வளவு அரைத்தாலும் கொஞ்சம் நறநறக்கும். அதனால் வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் அழுத்தி வடித்துவிடுங்கள். கிடைப்பது மோர்க்குழம்பு பதத்தில், செங்கல் நிறத்தில் இருக்கும். இதைக் கெட்டியாக அரைத்து உருட்டி வைத்தால் ரெக்காதோ ரோஹோ. மெரிதா சந்தையில் அதைக் கட்டி கட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். விதை கிடைக்காதவர்கள் அந்தக் கட்டியையே வாங்கி 50 கிராம் அளவு சாற்றில் கரைத்துக்கொள்ளலாம். அதில் மசாலாவும் பெரும்பாலும் உப்பும் இருக்கும் என்பதால் இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோழித் துண்டுகளில் எலும்பு வரை கீறிவிட்டு விழுதைப் பூசி, கண்ணாடிக் கிண்ணத்தில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் அந்த நிறம் போகாது. விரலிலும் துணியிலும் கூட ஒட்டும், கவனம். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும், ஓர் இரவு என்றால் சரியாக இருக்கும். இந்தச் சாப்பாட்டின் ருசி ஊறும் நேரத்தில்தான் உருவாகிறது. ஒருமுறை அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்து வேகவைத்தேன். மேலே மசாலா, உள்ளே வெறும் கோழி என்று தனித்தனியாகவே இருந்தது.

மறுநாள் முதல் வேலை: வெங்காயம்

கோழியைத் தொடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடத்தில் வடித்து, கால் கப் எலுமிச்சைச் சாறு, கால் கப் ஆரஞ்சுச் சாறு, அரை தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை ஓரிகானோ சேர்த்துப் பிசறி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் புளிப்பு ஏறி, வெங்காயம் பளிச்சென்ற ரோஜா நிறத்துக்கு மாறிவிடும். அங்கே ஒரு ஹபனேரோ மிளகாயைச் சுட்டு, கீறி இதற்குள் போடுவார்கள். பழ வாசனையும் கடுங்காரமும் சேர்ந்த மிளகாய் அது. கிடைக்காவிட்டால் ஒரு பச்சை மிளகாயைச் சுட்டுப் போடுங்கள். காரம் வந்துவிடும், அந்த வாசனை மட்டும் வராது.

இலை கட்டுவதும் வேகவைப்பதும்

கோழியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். வாழை இலையின் நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, அடுப்புத் தணலில் மெதுவாக நகர்த்தி வாட்டுங்கள். நிறம் மாறி, பளபளப்பு வந்து, மடித்தால் கிழியாது என்ற நிலை வந்தால் போதும்.

இரண்டு இலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நடுவில் கோழித் துண்டுகளை அடுக்கி, மிச்ச விழுதையும் ஊற்றுங்கள். மேலே வெங்காய வட்டங்கள், தக்காளி வட்டங்கள், அங்கங்கே வெண்ணெய். அங்கே எப்பசோத்தே என்ற மூலிகையும் ஒரு கொத்து வைப்பார்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம், மல்லித்தழை அதற்கு ஈடாகாது. நான்கு பக்கமும் மடித்து, மூன்றாவது இலையால் இன்னொரு சுற்று சுற்றி, வாழை நாரால் கட்டுங்கள். சாறு வெளியே ஒழுகக் கூடாது, அதனால் பொட்டலத்தை ஒரு அகலக் கிண்ணத்தில் வைத்தே இட்லிப் பானைக்குள் இறக்குங்கள்.

நல்ல ஆவியில் ஒன்றேகால் மணி நேரம். நாட்டுக்கோழி என்றால் இரண்டு மணி நேரம். நடுவில் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ஓவன் வைத்திருப்பவர்கள் 180 டிகிரியில், மூடிய தட்டில் ஒன்றரை மணி நேரம் வைக்கலாம். இலையின் ஓரங்கள் லேசாகக் கருகும் வாசனை ஓவனில்தான் வரும், அதனால் எனக்கு ஓவன்தான் பிடிக்கும்.

டோர்ட்டியா

டோர்ட்டியா என்பது கோழியை வைத்து மடித்துச் சாப்பிடும் மெல்லிய மக்காச்சோள ரொட்டி. கோழி வேகும்போதே மாவைப் பிசைந்துவிடலாம். இதற்கு வேண்டியது மாசா ஹரினா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைத்த மாவு அது. சுண்ணாம்பு பட்டதால்தான் மாவு ஒன்றோடொன்று ஒட்டுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவில் தட்டினால் ஓரமெல்லாம் வெடித்து உதிரும். கார்ன்ஃப்ளோர் வேறு பொருளே.

ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து ஈரத்துணியால் மூடி இருபது நிமிடம் வையுங்கள். எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தட்டையான தட்டால் அழுத்துங்கள். காய்ந்த கல்லில் எண்ணெய் இல்லாமல் முதலில் அரை நிமிடம், திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் உப்பும். சுட்டதை உடனே துணிக்குள் அடுக்கிவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே அவை மெத்தென்று ஆகும். மாசா ஹரினா கிடைக்கவில்லையா? மென்மையான பன் வாங்கிக்கொள்ளுங்கள். மெரிதாவிலும் இதை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள், அதுவும் ஊர்ப் பழக்கம்தான்.

பரிமாறுவது

பொட்டலத்தைச் சமையலறையில் பிரித்துத் தட்டில் கொட்டிக் கொண்டுவராதீர்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, கட்டியபடியே மேசைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்து வீட்டு அம்மா அப்படித்தான் வைப்பார். நாரை அவிழ்க்கும் வேலையைச் சாப்பிடுபவருக்கே விடுவார். அன்று என் கணவர் முதல் மடிப்பைத் திறந்ததும் ஆவியோடு அந்த மணம் எழுந்தது. கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடலாமா?" என்று கேட்டார்.

எலும்பிலிருந்து இறைச்சியைப் பிய்த்து, இலையில் தேங்கிய சாற்றில் புரட்டி, டோர்ட்டியாவில் வைத்து, மேலே ஊறிய வெங்காயத்தைத் தாராளமாகப் போட்டு மடித்துச் சாப்பிட வேண்டும். மிஞ்சியதைச் சாறோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை சூடாக்கி, பன்னைப் பிளந்து உள்பக்கத்தை அந்தச் சாற்றில் தோய்த்து, இறைச்சியை நிரப்பினால் காலை உணவு தயார்.