சாவிக்கொத்தும் கொள்கைதான்: சர்வதேச மனிதநேயப் பணிக்குள் நுழைய ஒரு செய்முறை

"யூ.என்.ல சேரணும்க்கா, எங்க அப்ளை பண்றது?" என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்கு வாட்ஸப்பில் கேட்டுவிடுகிறார். அத்தனை பேருக்கும் தனித்தனியே பதில் தட்டிக் கை வலிக்கிறது. அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். விண்ணப்பம் பற்றிய பேச்சு ஐந்தாம் படியில்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வேலை என்னவென்று வீட்டுக்குச் சொல்லுங்கள்

'பாலிசி வேலை' என்றால் அம்மா "எல்.ஐ.சி.யா?" என்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள். வெள்ளம் வந்ததும் சோறு, தண்ணீர், பாய் கொடுப்பது மனிதநேய உதவி. அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்காமல் செய்வது வளர்ச்சிப் பணி. இரண்டிலும் யாருக்கு, எவ்வளவு, யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் கொள்கை.

படி 2: ஒரே ஒரு புத்தகம்

ஸ்ஃபியர் கையேடு (Sphere Handbook). நிவாரணப் பணியில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகம். நான்காம் பதிப்பு 2018-இல் வந்தது, இணையத்தில் இலவசம். 1994-இல் ருவாண்டாவிலிருந்து தப்பி வந்தவர்கள் அகதி முகாம்களில் காலராவில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். உதவி செய்யப் போன அமைப்புகள் ஏராளம், ஆனால் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. அந்தக் குற்ற உணர்வில் பிறந்த கையேடு இது. முழுதாகப் படிக்க வேண்டாம். தண்ணீர், கழிப்பறை, தங்குமிடம் பற்றிய பகுதிகள் போதும். சில எண்கள் மனப்பாடமாகட்டும்: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தலைக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. முதல் சில நாட்களில் 50 பேருக்கு ஒன்று வரை பொறுத்துக்கொள்ளலாம்.

படி 3: எண்ணுங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தென்சென்னையில் ஒரு பள்ளிக்கூட முகாமில் தன்னார்வலராக இருந்தேன். பொட்டலம் கொடுக்க நூறு கைகள் இருந்தன, எனக்கு வேலையே இல்லை. சும்மா நிற்பானேன் என்று ஒரு நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். 212 பேர். கழிப்பறைகள் ஆறு, அதில் இரண்டு பூட்டிக் கிடந்தன. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அவரே வேறெங்கோ முகாமில்.

கணக்கு போடுங்கள். நான்கு கழிப்பறைக்கு 212 பேர் என்றால் ஒன்றுக்கு 53. அந்தப் பூட்டுகள் திறந்திருந்தால் 35. இருபதுக்கு இன்னும் தூரம்தான், ஆனால் ஐம்பது என்ற வரம்புக்குள் வந்திருப்போம். வரிசையில் நின்ற பெண்கள் இருட்டும்வரை தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். எந்த அறிக்கையிலும் இது வரவில்லை. யாரும் எண்ணவில்லை, அதுதான் காரணம்.

உங்களுக்கு வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வார்டில் மழைக்காலத்தில் முகாமாகும் பள்ளியையோ சமூக நலக்கூடத்தையோ இப்போதே போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். கோபோ டூல்பாக்ஸ் என்ற இலவசச் செயலியில் பத்துக் கேள்விகள் போட்டுக்கொண்டால் போனிலேயே பதிவு செய்துவிடலாம். உலகம் முழுக்க நிவாரணக்காரர்கள் பயன்படுத்துவது அதைத்தான்.

படி 4: எண்ணியதைக் குறிப்பாக எழுதுங்கள், இரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது

நான் எழுதிய முதல் கொள்கைக் குறிப்பு பதினான்கு பக்கம். மேற்கோள், வரைபடம், வண்ண அட்டவணை எல்லாம் இருந்தது. அப்போது வேலை பார்த்த இடத்தில் மூத்தவர் ஒருவர் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரிம்மா, யாரு என்ன செய்யணும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. 'சம்பந்தப்பட்டவர்கள் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று முடித்திருந்தேன்.

இப்போது முதல் பத்தியிலேயே கோரிக்கையை எழுதிவிடுகிறேன். 'முகாமாகப் பயன்படும் ஒவ்வொரு பள்ளியின் எல்லாச் சாவிகளிலும் ஒரு செட், செப்டம்பர் 30-க்குள் வார்டு அலுவலகத்துக்கு வர வேண்டும். பொறுப்பு: தலைமை ஆசிரியர்.' யார், எதை, எப்போதைக்குள். எண்கள் அதற்குக் கீழே. ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. அலுவலகத்துக்கு எழுதினாலும் வடிவம் இதுதான்.

படி 5: சரி, இப்போது விண்ணப்பம்

முதலில் கசப்பான சேதி. 2025-இல் அமெரிக்க அரசு தன் உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்டை மூடிவிட்டது. உலகெங்கும் இந்தத் துறையில் ஆட்குறைப்பு. அனுபவசாலிகளே வேலை தேடுகிறார்கள். எனவே நேரே நியூயார்க் என்று கனவு காணாமல் இங்கிருந்தே தொடங்குங்கள்.

சென்னையில் யுனிசெஃபுக்கும் ஐ.நா. அகதிகள் முகமைக்கும் அலுவலகங்கள் உண்டு. 1983 முதல் இலங்கைத் தமிழர்கள் அகதிகளாக வந்த மாநிலம் இது. அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே பேசத் தெரிவது, வெளிநாட்டுப் பட்டம் பெற்றவரிடமும் இல்லாத தகுதி. பயோடேட்டாவில் 'தமிழ்: தாய்மொழி' என்று மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், என்ன செய்ய முடியும் என்று எழுதுங்கள். அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேஷையா ஊர் திரும்பி 1971-இல் தொடங்கியது. அங்கே கருத்தரங்கு நடந்தால் போய்க் கேளுங்கள்.

வெளிநாட்டு வாய்ப்புகளுக்கு, ஐ.நா. நடத்தும் நிவாரணத் தகவல் தளமான ரிலீஃப்வெப்பின் (ReliefWeb) வேலைப் பகுதியைத் தினமும் பாருங்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் வீட்டிலிருந்தே செய்யும் இணையப் பணிகளும் வரும். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. நகை அடகு வைத்துப் போக வேண்டிய வேலையா என்று யோசியுங்கள், என் கருத்து வேண்டாம் என்பதே.

இன்னொன்று: வேலைக்கு எடுக்க ஐ.நா. எந்தக் கட்டத்திலும் பணம் கேட்காது. 'பிராசஸிங் ஃபீஸ்' என்று யாராவது ஆரம்பித்தால் நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.

படி 6: குறிப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள்

அந்த இரண்டு பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதனால் ஆகஸ்டிலேயே போய்விடுங்கள். நவம்பரில் இன்னொரு முறை அந்தப் பள்ளிக்குப் போய், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நேர்காணலில் 'நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்' என்று கேட்கும்போது எடுத்து வைக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.