கம்பளி நூற்கப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைராட்டையில் கம்பளி நூற்கப் பழக வருபவர்கள், தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளை வரிசையாகச் செய்கிறார்கள். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கி இறுகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இரட்டை வெட்டு

அதிக நஷ்டம் தருவது இது. இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவதும் இதுதான். ஆட்டின் ரோமத்தைத் தோலை ஒட்டி ஒரே வெட்டில் எடுக்க வேண்டும். கை சற்று உயர்ந்து அரை அங்குலம் உடலில் தங்கிவிட்டால், அதே இடத்தில் மறுபடியும் கத்தரியை ஓட்டுகிறார்கள். அப்போது உதிரும் துணுக்குகள் நல்ல ரோமத்தோடு கலந்துவிடும். கழுவினாலும் போகாது. கம்பிப் பற்கள் பதித்த பலகையில் வாரும்போது சிறு சிறு உருண்டைகளாகச் சுருளும், நூலில் முடிச்சாக நிற்கும், ஸ்வெட்டரில் முழங்கைப் பக்கம் உருண்டை உருண்டையாகத் திரளும்.

என்னிடம் பழக வந்த ஒரு பெண் ஒரு மூட்டை ரோமம் வாங்கி வந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கழுவி, வாரி, நூற்று, சால்வையும் பின்னி முடித்தார். சால்வை முழுக்க உருண்டை. தன் கைதான் சரியில்லை என்று வருந்தினார். மூட்டையில் மிச்சமிருந்ததை விரித்து உதறினேன், தரையெல்லாம் துணுக்கு. வெட்டியவர் செய்த தவறுக்கு நூற்றவரின் உழைப்பு மொத்தமும் போனது.

வாங்கியதும், கழுவுவதற்கு முன்பே, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி கயிற்றுக் கட்டிலில் விரித்து உதறுங்கள். துணுக்குகளில் பெரும்பகுதி கீழே விழுந்துவிடும். நீங்களே கத்தரிப்பதாக இருந்தால், தவறிய இடத்தை அப்படியே விடுங்கள். அடுத்த முறை அது நீள ரோமமாகவே கிடைக்கும்.

கழுவும் நீரை ஆறவிடுவது

ரோமத்திலுள்ள லனோலின் என்ற மெழுகுப் பிசுக்கு 40 டிகிரி வாக்கில்தான் உருகும். 60 டிகிரி நீரில் சோப்போடு கசக்காமல் ஊறவைத்து, சூடு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறினால் பிசுக்கு திரும்ப ரோமத்திலேயே படியும். அப்புறம், அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

பிளீச்சிங் பவுடர்

போடவே கூடாது. கம்பளி புரதம், அரித்துவிடும்.

எல்லா ரோமத்தையும் ஒன்றாக நினைப்பது

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கும் பாரத் மெரினோ இன ஆட்டின் ரோமம் மென்மையானது, உடலில் படும் உடைக்கு ஏற்றது. தக்காண ஆட்டின் முரட்டு ரோமத்தில் ஸ்வெட்டர் பின்னினால் குத்தும். ஆனால் அதே ரோமத்தைத் தறியில் நெய்து, புளியங்கொட்டைப் பசையிட்டுச் செய்யும் கம்பளியைத்தான் மழைக்கும் குளிருக்கும் மேய்ப்பர்கள் போர்த்திக்கொள்கிறார்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு ரோமம் வாங்குங்கள்.