கீழே இருப்பதெல்லாம் அடிப்பக்கம் இல்லை: பட்டகத்தைப் புரிந்துகொள்ள ஒரு பத்திரிகை அட்டை

அண்ணன் மகள் ஒரு கணக்கோடு வந்தாள். சாய்தளம் மாதிரி படுத்திருக்கும் முக்கோணப் பட்டகம் (இரு முனையிலும் ஒரே அளவு முக்கோணம், இடையில் செவ்வகங்கள் கொண்ட திண்ம உருவம்), அதன் கன அளவு என்ன? விடை 60. அவளுக்கு வந்ததோ 120. பெருக்கலில் தப்பே இல்லை. தரையில் படிந்திருந்த செவ்வகத்தை அடிப்பக்கம் என்று எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பெயரிலேயே ‘அடி’ இருப்பதுதான் வினை.

படம் வரைந்து காட்டினால் இது விளங்காது என்பது என் அனுபவம். கையால் செய்துவிடுவதே நல்லது. வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று போதும்.

முதலில், அட்டையில் 13 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு செவ்வகம் வெட்டுங்கள். அகலத்தில் ஒரு ஓரத்திலிருந்து 3, 7, 12 செ.மீ. தூரங்களில் நெடுக்காக மூன்று கோடுகள். மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறினால் அட்டை உடையாமல் அழகாக மடியும்.

அடுத்து, கோடுகளில் மடித்து, மிஞ்சிய 1 செ.மீ. பட்டையை உள்பக்கம் விட்டு ஒட்டுங்கள். இரண்டு முனையும் திறந்த ஒரு முக்கோணக் குழாய் கிடைக்கும். பக்கங்கள் 3, 4, 5 என்பதால் செங்கோணம் தானாகவே அமைந்துவிடும்.

இப்போது குழாயை மிச்ச அட்டையின் மேல் நிறுத்தி, பென்சிலால் சுற்றி வரைந்து, அதே அளவில் இரண்டு முக்கோணங்கள் வெட்டி இரு வாயையும் மூடுங்கள். நீங்கள் மூடினீர்களே, அந்த இரண்டும்தான் அடிப்பக்கங்கள். ஒன்றுக்கொன்று சர்வசமம், இணை. மற்ற மூன்று செவ்வகங்களும் பக்கவாட்டு முகங்கள். அடிப்பக்கங்களும் முகங்கள்தான், எண்ணும்போது விட்டுவிடக் கூடாது. ஆக மொத்தம் 5 முகங்கள், 9 விளிம்புகள், 6 உச்சிகள். முகங்களையும் உச்சிகளையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் 2 வரும். 1750-இல் கணித மேதை ஆய்லர் கவனித்த தொடர்பு இது. எண்ணியதைச் சரிபார்க்க நல்ல குறுக்குவழி.

சரி, செய்த பட்டகத்தை உருட்டுங்கள். எப்படிப் படுக்க வைத்தாலும் அடிப்பக்கம் மாறுகிறதா? இல்லை. உயரம் என்பதும் தரையிலிருந்து அளப்பதல்ல. இரண்டு முக்கோணங்களுக்கும் இடையிலுள்ள தூரம், அதாவது 10 செ.மீ. முக்கோணத்தின் பரப்பு 3 × 4 ÷ 2 = 6. அதை 10-ஆல் பெருக்கினால் 60 கன செ.மீ. படுத்த செவ்வகத்தை அடி என்று கொண்டு 4 × 10 × 3 என்று போனால் 120, சரியாக இரண்டு மடங்கு. ஒரு முழுக் கனச்செவ்வகத்தின் அளவு அது!

புது வடிவம் வந்து குழப்பினால், மனத்துக்குள் ஒரு கத்தியை எடுங்கள். எந்தத் திசையில் துண்டு போட்டால் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை ஒரே வடிவம், ஒரே அளவு வருகிறதோ, அந்த வெட்டுமுகம்தான் அடிப்பக்கம். அறுகோணப் பென்சிலை இப்படி நறுக்கினால் அறுகோண வில்லைகள். ஓட்டு வீட்டுக்கு அடிப்பக்கம் தரை அல்ல, முக்கோண உச்சியோடு நிற்கும் ஐங்கோண முன்சுவர். முந்திரி கத்லி ஒரு சாய்சதுரப் பட்டகம், உயரம்தான் கடைக்குக் கடை குறைகிறது. தீப்பெட்டியை எந்த முகத்துக்கு இணையாக வெட்டினாலும் ஒரே அளவுச் செவ்வகமே வருவதால், எந்த எதிரெதிர் ஜோடியையும் அடிப்பக்கமாக வைத்துக்கொள்ளலாம். பிரமிடு இந்தச் சோதனையில் தேறாது, மேலே போகப்போகத் துண்டு சிறுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இயற்பியலில் ‘ஒளிக்கதிர் முப்பட்டகத்தின் அடிப்பக்கம் நோக்கி விலகும்’ என்பார்கள். அங்கே அவர்கள் சொல்வது, ஒளி புகும் முகத்துக்கும் வெளியேறும் முகத்துக்கும் இடையிலான கோணத்துக்கு எதிரே உள்ள செவ்வக முகத்தை. ஆய்வகத்தில் அது அவர்கள் வழக்கம். கணக்குத் தாளில் மட்டும் அதை எழுதிவிடாதீர்கள்.