டைட்ரேஷன் கணக்கா? முதலில் குடுவைக்குள் எட்டிப் பாருங்கள்

ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவைக் கண்டுபிடிக்கிற டைட்ரேஷன் கணக்கில் திணறுகிற பலருக்கும் சூத்திரம் தெரியாமல் இல்லை. நான்கைந்து சூத்திரங்கள் மனப்பாடமாகவே இருக்கும், எதை எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் சிக்கல். நானும் அப்படித்தான் இருந்தேன். பிஎச்சை, அதாவது கரைசலின் அமிலத்தன்மை அளவைக் கணக்கிட உதவும் ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு கையில் கிடைத்ததும் கண்ட இடத்திலெல்லாம் அதையே போட்டு, விடை தப்பாக வந்தால் கால்குலேட்டரைச் சந்தேகப்பட்ட ஆள் நான். அதிலிருந்து மீண்டது ஒரே ஒரு கேள்வியால்தான்: இந்த நொடியில் குடுவைக்குள் என்னென்ன இருக்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் சூத்திரம் தானாக வந்து உட்காரும்.

அதற்கு முன் அடிப்படையைச் சட்டென்று பார்த்துவிடுவோம். புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். 1923-ல் பிரான்ஸ்டெட், லௌரி இருவரும் தனித்தனியாகச் சொன்ன இந்த வரையறையே நமக்குப் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் விழுந்ததும் கிட்டத்தட்ட முழுவதுமாக அயனியாகிவிடும், அதனால் அது வலிமை மிகு அமிலம். அசிட்டிக் அமிலம் கஞ்சன், 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலில் நூற்றுக்குச் சுமார் 1.3 மூலக்கூறுதான் புரோட்டானை விடும். வலிமை வேறு, செறிவு வேறு என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எவ்வளவு அடர்த்தியாகக் கரைத்தாலும் அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்த அமிலம்தான்.

சரி, ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். கூம்புக் குடுவையில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 25 மி.லி., அடியில் திருகுள்ள அளவுக் குழாயான பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. அமிலம் எவ்வளவு அயனியாகும் என்பதைக் காட்டும் கேஏ மதிப்பு 1.8 × 10⁻⁵, அதன் மடக்கையைக் குறி மாற்றினால் பிகேஏ 4.74. மோலாரிட்டியை மி.லி.யால் பெருக்கினால் நேராக மில்லிமோல் கிடைக்கும், ஆயிரத்தால் வகுத்துக்கொண்டு திரிய வேண்டாம். ஆக, குடுவையில் 2.5 மில்லிமோல் அமிலம்.

காரம் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால் உள்ளே இருப்பது வலிமை குறைந்த அமிலம் மட்டுமே. கேஏவைச் செறிவால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.34 × 10⁻³ வரும், அதன் மடக்கையைக் குறி மாற்றினால் பிஎச் 2.87.

இப்போது 10 மி.லி. காரம் விடுகிறோம். இங்கேதான் பலரும் பதற்றத்தில் பிஎச் சூத்திரத்துக்குத் தாவுவார்கள். நிதானமாக முதலில் வினையை முடியுங்கள். விழுந்த ஹைட்ராக்சைடு 1 மில்லிமோல். அது தன் அளவுக்கு அமிலத்தைத் தின்றுவிட்டு அவ்வளவு அசிட்டேட்டை (புரோட்டானை இழந்த அசிட்டிக் அமிலம்) விட்டுப் போகும். வினை முடிந்தபின் இருப்பு: அமிலம் 1.5, அசிட்டேட் 1.0, ஹைட்ராக்சைடு மிச்சமில்லை. வலிமை குறைந்த அமிலமும் அதன் இணைகாரமும் ஒரே குடுவையில் சேர்ந்து இருக்கின்றன, அதாவது பிஎச்சை எளிதில் மாறவிடாத தாங்கல் கரைசல். ஹென்டர்சன் சமன்பாட்டுக்கு உரிய இடம் இதுதான், இது மட்டும்தான். பிஎச் = பிகேஏ + மடக்கை (இணைகாரம் ÷ அமிலம்) = 4.74 + மடக்கை (1.0 ÷ 1.5) = 4.56. அடைப்புக்குள் மோல்களையே போட்டிருக்கிறேன், கவனித்தீர்களா? இரண்டும் ஒரே கனஅளவில் இருப்பதால் கனஅளவு அடிபட்டுப் போகிறது.

12.5 மி.லி. விட்டதும் அமிலமும் அசிட்டேட்டும் சரிபாதி. 1-ன் மடக்கை பூஜ்ஜியம், எனவே பிஎச் = பிகேஏ = 4.74. முகம் தெரியாத ஒரு வலிமை குறைந்த அமிலத்தின் பிகேஏ வேண்டுமென்றால் வரைபடத்தில் இந்தப் பாதிவழியில் பிஎச்சைப் படித்தால் போதும்.

25 மி.லி. ஆனதும் சமானப் புள்ளி. அமிலம் தீர்ந்தது, காரமும் தீர்ந்தது, "அப்படியானால் பிஎச் 7" என்று எழுதுவதற்குக் கை பரபரக்கும். உள்ளே எட்டிப் பாருங்கள்: 2.5 மில்லிமோல் அசிட்டேட் உட்கார்ந்திருக்கிறது, அது ஒரு காரம், நீரிலிருந்து புரோட்டானைப் பறித்து ஹைட்ராக்சைடை உண்டாக்கும். இங்கே கனஅளவு முக்கியம்: மொத்தம் 50 மி.லி., செறிவு 0.05 மோலார். நீரின் அயனிப் பெருக்கம் 10⁻¹⁴-ஐக் கேஏவால் வகுத்தால் அசிட்டேட்டின் கார வலிமையைக் காட்டும் கேபி 5.6 × 10⁻¹⁰. முன்பு போலவே பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ராக்சைடு 5.3 × 10⁻⁶, 10⁻¹⁴-ஐ அதனால் வகுத்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு, அதிலிருந்து பிஎச் 8.72. இதே இடத்தில் அமிலமும் காரமும் இரண்டுமே வலிமை மிக்கவையாக இருந்தால் 7 வரும்.

அதைத் தாண்டிவிட்டால் வேலை சுலபம். 30 மி.லி. விட்டிருந்தால் 0.5 மில்லிமோல் ஹைட்ராக்சைடு உபரி. அதன் முன் அசிட்டேட்டின் பங்கு ஒன்றுமே இல்லை. 55 மி.லி.யால் வகுத்தால் 0.0091 மோலார், பிஎச் 11.96.

வினை முடிந்ததை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. 24.9 மி.லி.யில் பிஎச் 7.14, 25.1 மி.லி.யில் 10.30. நடுவில் விழுந்தது 0.2 மி.லி., ஏறக்குறைய நான்கு சொட்டு. அதற்குள் மூன்று அலகுக்கு மேல் பாய்ச்சல். பினாப்தலீன் சுமார் 8.2-லிருந்து 10-க்குள் நிறம் மாறுவதால் அந்தப் பாய்ச்சலுக்குள் கச்சிதமாக விழுகிறது. மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் மாறும் ஆசாமி. அதைப் போட்டால் 8 மி.லி.யை எட்டும்போதே சாவகாசமாக மஞ்சளாகி, வேலை முடிந்தது என்று ஏமாற்றிவிடும்.

தாங்கல் கரைசலைப் பற்றி இன்னும் கொஞ்சம். பிஎச் மாறாமல் தாங்குவது என்றால் துளியும் அசையாது என்று பொருள் இல்லை, கொஞ்சமாக அசையும், அவ்வளவுதான். ஒரு லிட்டரில் அசிட்டிக் அமிலமும் அசிட்டேட்டும் தலா 0.1 மோல் இருக்கட்டும். அதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் அசிட்டேட் 0.09 ஆகக் குறையும், அமிலம் 0.11 ஆகும், பிஎச் 4.74-லிருந்து 4.65-க்கு இறங்கும். அதே அளவை ஒரு லிட்டர் தூய நீரில் விட்டிருந்தால் 7-லிருந்து 2-க்குச் சரிந்திருக்கும். அசிட்டேட் முழுவதும் தீர்ந்த பிறகு தாங்குவதற்கு அங்கே ஆளே இல்லை.

நீங்களே ஒன்று தயாரிக்க வேண்டுமென்றால், தேவையான பிஎச்சிலிருந்து ஓர் அலகுக்குள் பிகேஏ இருக்கிற அமிலமாக எடுங்கள். பிஎச் 5 வேண்டும் என்று வையுங்கள். கேஏவை 10⁻⁵-ஆல் வகுத்தால் அசிட்டேட்டுக்கும் அமிலத்துக்குமான விகிதம் 1.8. 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மி.லி. எடுத்தால் 10 மில்லிமோல், அதில் 6.43 மில்லிமோல் அசிட்டேட்டாக மாற வேண்டும், எனவே 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 64.3 மி.லி. விடுங்கள். அப்புறம் பிஎச் மீட்டரில் சரிபாருங்கள், அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதைக் கணக்கில் சேர்க்காததால் தாளில் வந்ததற்கும் மீட்டர் காட்டுவதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்.

இன்னொரு பொறி, மோலாரிட்டி பெருக்கல் கனஅளவு இரண்டு பக்கமும் சமம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது. ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு புரோட்டான். ஒரு மோலுக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். சமன்செய்த வினையை எழுதாமல் தொடங்கினால் விடை சரியாகப் பாதியாகவோ இருமடங்காகவோ வரும்.

ஆய்வகத்தில் கணக்கைவிடக் கை செய்யும் தப்புகள்தான் அதிகம். பியூரெட்டை நீரால் கழுவியதோடு விடாமல் அதில் ஊற்றப்போகும் கரைசலாலும் ஒருமுறை கழுவுங்கள், உள்ளே ஒட்டிய நீர் செறிவைக் குறைத்துவிடும். கூம்புக் குடுவையை மட்டும் நீரால்தான் கழுவ வேண்டும், அமிலத்தால் கழுவினால் அளக்காத மோல்கள் உள்ளே தங்கிவிடும். பிப்பெட்டால் அளந்து விட்டபிறகு குடுவையின் ஓரத்தை நீரால் தாராளமாகக் கழுவிவிடலாம், மோல்கள் மாறப்போவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு நாள் முழுக்க நான் ஈரக் குடுவையைத் துடைத்துத் துடைத்து உலர்த்தியிருக்கிறேன்! பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது, புனலை எடுத்துவிட வேண்டும், அளவை இரண்டு தசம இடத்துக்குப் படிக்க வேண்டும். முதல் முறை வேகமாக விட்டு முடிவுநிலை எங்கே என்று தோராயமாகப் பிடித்துவிட்டு, அடுத்த முறைகளில் கடைசி ஒரு மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் அளவுகள் வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

பினாப்தலீன் இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் நிலைத்தால் அதுதான் முடிவுநிலை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் நிறம் போயிருக்கும், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து பிஎச்சை இறக்கியிருக்கும். அதைப் பார்த்துப் பதறி இன்னொரு சொட்டு விட்டுவிடாதீர்கள்.