டிஜிட்டல் மிக்சரை 96 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுவது எப்படி?

புது டிஜிட்டல் மிக்சர் கைக்கு வந்ததும் முதல் வேலையாக செட்டிங்ஸுக்குள் போய் சாம்பிளிங் ரேட்டை 96-க்கு ஏற்றிவிட்டேன். பெரிய எண் என்றால் நல்ல ஒலி என்று ஒரு நினைப்பு. நான்கு மைக்குகள் ஊமையான பிறகுதான் கையேட்டைத் திறந்தேன்.

சாம்பிளிங் ரேட் என்பது ஒரு நொடியில் ஒலியை எத்தனை தடவை அளக்கிறோம் என்ற கணக்கு. 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 48,000 தடவை. அதில் பாதி வரை, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி பதிவுக்குள் அடங்கும். நம் காதோ 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அப்புறம் 96 எதற்கு? பதிவான ஒலியைப் பாதி வேகத்துக்கு இழுத்து சவுண்ட் எஃபெக்ட் செய்பவர்களுக்கு, காதுக்கு எட்டாத அந்த மேல் பகுதி உதவும். அதைப் பிடிக்கும் மைக்கும் வேண்டும். 96-ல் ஒலி உள்ளே போய் வெளியே வரும் தாமதமும் குறையும். பேச்சுக்கும் பாட்டுக்கும் 48 போதும் என்பதே என் கட்சி. அதற்கு மேலும் 96 வேண்டும் என்றால், வாருங்கள்.

படி 1: மிக்சரால் முடியுமா?

சில மிக்சர்கள் 48-ஐத் தாண்டாது. சில எப்போதும் 96-லேயே ஓடும். இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடியவற்றில்தான் கவனம் வேண்டும். நொடிக்கு இரண்டு மடங்கு சாம்பிள் வருவதால், ஒவ்வொன்றையும் கவனிக்க உள்ளே இருக்கும் பிராசசருக்குப் பாதி நேரம்தான். அதனால் 96-ல் ரிவர்ப் போன்ற எஃபெக்டுகளோ சில சேனல்களோ கிடைக்காமல் போகலாம். கையேட்டில் அந்தப் பட்டியலை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 2: ரேட்டை மாற்றுதல்

இப்போதுள்ள அமைப்பைச் சேமியுங்கள். ஸ்பீக்கர், ஹெட்போன் இரண்டின் ஒலியையும் முழுக்கக் குறையுங்கள். மாறும் நொடியில் 'டப்' என்று ஒரு சத்தம் வரலாம். பிறகு மாற்றுங்கள். சில மிக்சர்களை அணைத்துப் போட வேண்டியிருக்கும்.

படி 3: க்ளாக்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இரண்டு டிஜிட்டல் கருவிகளை இணைத்தால் ஒன்று மட்டும் மாஸ்டர். மற்றது அதன் தாளத்தைப் பின்பற்ற வேண்டும். சாம்பிள் எடுக்கும் அந்தத் தாளம்தான் க்ளாக். மிக்சரில் க்ளாக்கை 'இன்டர்னல்', அதாவது தன் சொந்தத் தாளம், என்று வையுங்கள். வெளியே இருக்கும் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) பெட்டியில் க்ளாக்கை மிக்சரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் இன்டர்னலில் இருந்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், திடீரென்று 'டிக்', அப்புறம் இன்னொரு 'டிக்'. கேபிள் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்கள் உண்டு.

என் மைக்குகள் ஊமையானதற்குக் காரணம் வேறு. என்னுடையது எட்டு மைக் ப்ரீஆம்ப், அடாட் (பல சேனல்களை ஒரே கேபிளில் ஒளியாக அனுப்பும் முறை) ஆப்டிகல் கேபிளில் மிக்சருக்கு வருகிறது. அந்தக் கேபிள் 48-ல் எட்டு சேனல்களைச் சுமக்கும். 96-ல் ஒரு சேனலுக்கு இரண்டு சேனலின் இடம் தேவை, ஆகவே நான்குதான். ஐந்து முதல் எட்டு வரை மைக்குகளின் ஃபேடரை எவ்வளவு தள்ளினாலும் மீட்டர் அசையவில்லை. இரு கருவிகளிலும் இரண்டிரண்டு ஆப்டிகல் துளைகள் இருந்தால், இன்னொரு கேபிள் போட்டு மீதி நான்கையும் மீட்கலாம்.

படி 4: கணினி

ரெக்கார்டிங் மென்பொருளிலும் ப்ராஜெக்டை 96-க்கே வையுங்கள். 96-ல் பதிவானதை 48 என்று நினைத்து ஓட்டினால் வேகம் பாதியாகி, சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இது உடனே தெரிந்துவிடும். 48-ஐ 44.1 ஆக ஓட்டுவதுதான் ஆபத்து. சுருதி கொஞ்சம்தான் இறங்கும். பாடுபவருக்குத் தொண்டை சரியில்லை போல என்று விட்டுவிடுவோம்.

பஃபர் என்பது கணினி ஒரே தடவையில் எடுத்துக் கையாளும் சாம்பிள்களின் தொகுப்பு. அது 128 சாம்பிள் என்றால் தாமதம் 48-ல் 2.7 மில்லிநொடி, 96-ல் 1.3. ஆனால் கணினி திணறி, நீங்கள் 256-க்கு ஏற்ற நேர்ந்தால் பழையபடி 2.7-தான். பஃபரில் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விட்டது.

படி 5: இடம்

24 பிட்டில் 16 சேனல்களை 96-ல் ஒரு மணி நேரம் பதிவுசெய்தால் ஏறத்தாழ 16.6 ஜிபி. 48-ல் இதில் பாதி. மெமரி கார்டில் பதிவு செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. பதினாறு சேனல்களும் ஒரே கோப்பில் போனால் பதினைந்தரை நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். சில கருவிகள் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும், சில நின்றுவிடும்.

உங்களுடையது எந்த வகை என்று அறிய, யாரும் இல்லாத நேரத்தில் இருபது நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு மைக் முன்னாலும் ஒரு கைதட்டு, முடிவிலும் அதேபோல. பிறகு மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு சேனலிலும் இரண்டு தட்டல்களும் இருக்கின்றனவா, இடையில் எங்காவது 'டிக்' கேட்கிறதா என்று ஹெட்போனில் பாருங்கள்.